வெனிஸ் போன கருப்புக் கயிறு

பம்பர், தார் டிரம், தெருவில் விட்ட ஆட்டாங்கல். நகரம் கழித்துப் போட்டதைக் கலைக்கூடத்தில் நிறுத்திய ஷீலா கௌடாவின் வேலையை நாமக்கல் பட்டறை வாசலில் நின்று பார்த்தால் என்ன தெரியும்?

நாமக்கல்லில் ஒரு லாரிக்குப் பாடி கட்டி முடிக்கப் பல கைகள் வேண்டும். வெறும் சேஸ் மட்டும் வந்து நிற்கும். தச்சர், வெல்டர், டிங்கர் வேலைக்காரர், எலக்ட்ரீசியன், பெயின்டர் என ஒவ்வொருவராக ஏறி இறங்கி அதை வண்டியாக்குவார்கள். நெற்றியில் குலசாமி பெயர் எழுதியாகும். பூசணி உடைத்து, டயருக்கடியில் எலுமிச்சை வைத்து, ஆஞ்சநேயர் கோயில் பக்கம் ஒரு கும்பிடு போட்டால் வண்டி லோடு ஏற்றக் கிளம்பிவிடும். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கும். பம்பரில் கருப்புக் கயிறு கட்ட வேண்டும்.

பல லட்ச ரூபாய் வண்டிக்கு இந்தக் கயிறு ஒரு டீச் செலவு. இன்ஷூரன்ஸ் தாள் டேஷ்போர்டுக்குள் கிடக்கும்; கயிறு வெளியே, எதிரே வருகிறவன் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அது எதற்கு என்று, ஆபத்தான தொப்பூர் கணவாயில் ஒரு தடவை லோடோடு இறங்கிய எந்த ஓட்டுநரிடமும் யாரும் கேட்பதில்லை.

2009-ல் இத்தாலியின் வெனிஸ் நகரத்தில், உலகின் பழைய கலைத் திருவிழாக்களில் ஒன்றான பினாலேயின் 53-வது பதிப்பில், அதே கயிறு தொங்கியது. சுமார் 4 கிலோமீட்டர் நீளம். மனித முடியில் திரித்த கயிறு. சுவரில் சுருள் சுருளாக வழிந்து, தரையில் குவியலாகக் கிடந்தது. அதன் நடுவே, குரோம் பூசிய சுமார் 20 கார் பம்பர்கள் அந்த முடிக்கயிற்றையே பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றன. படைப்பின் பெயர் ‘பிஹோல்ட்’. ‘பார்’ என்று பொருள். இன்று அது லண்டன் டேட் கலைத் தொகுப்பில் இருக்கிறது. செய்தவர் பெங்களூரில் வாழும் ஷீலா கௌடா.

பெங்களூரிலிருந்து தெற்கே வரும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல் என்றுதான் இறங்குகிறது. அவர் தம் ஊர்த் தெருவில் பார்த்த வண்டிகளில் நம் பட்டறைகளில் பாடி கட்டியவையும் ஓடியிருக்கும். அந்த வகையில் இந்தக் கதை நமக்குப் பக்கத்து வீட்டுக் கதை.

முடி எங்கிருந்து வந்தது?

கோயில்களில் காணிக்கையாக இறக்கும் முடிக்கு இரண்டு வழி உண்டு. நீளமான முடி தரம் பிரித்து, சிக்கெடுத்து, சவுரிக்கும் ‘விக்’குக்கும் போகும், வெளிநாட்டுச் சந்தையில் நல்ல விலை. மிஞ்சும் குட்டை முடிதான் கயிறாகத் திரிக்கப்பட்டு, கண்ணேறு கழிக்க வண்டிகளின் பம்பருக்கு வரும்.

ஒரு தாய் தன் பிள்ளைக்காக நேர்ந்துகொண்டு இறக்கிய முடி, முகமறியாத ஓட்டுநர் ஒருவரைக் காக்கப் போகிறது. நேர்த்திக்கும் வியாபாரத்துக்கும் பயத்துக்கும் நடுவே ஒரு முடி நடந்துபோகும் தூரம் இது. ஷீலா கௌடா இதில் எதையும் கற்பனையாகச் சேர்க்கவில்லை. வண்டி முட்டினால் தாங்குவதற்குச் செய்த இரும்பு ஒரு பக்கம். முட்டாமலே இருக்கட்டும் என்று கட்டிய முடி மறுபக்கம். வழக்கமாக இரும்பு முடியைச் சுமக்கும். அவர் கணக்கைத் திருப்பிப் போட்டு, முடியை இரும்பைச் சுமக்க வைத்தார். தலையில் இருக்கும்வரை ஒரு இழை, அறுந்தால் குப்பை, திரித்தால் எஃகைத் தூக்கும்.

அம்பாசடர், ஃபியட் காலத்தவர்களுக்கு அந்தப் பளபள பம்பரும் ஒரு நினைவு. இன்றைய காரின் பம்பர் பிளாஸ்டிக். மோதினால் நசுங்காது, விரிசல் விடும். தட்டி நிமிர்த்த டிங்கர் வேண்டாம், கழற்றி எறிந்து புதிது மாட்டலாம்.

இரும்பூரில் பிறந்தவர்

ஷீலா கௌடா 1957-ல் கர்நாடகத்தின் பத்ராவதியில் பிறந்தார். 1923-ல் மைசூர் அரசு இரும்பாலை உற்பத்தியைத் தொடங்கிய ஊர் அது. இந்திரா காந்தி 1970-ல் அடிக்கல் நாட்டிய நம் சேலம் உருக்காலையும், பத்ராவதி ஆலையும் பின்னாளில் ஒரே ‘செயில்’ நிறுவனக் குடைக்குள் வந்தன. இரும்பு வாசனை தெரிந்த இரண்டு ஊர்கள்.

ஆனால் அவர் இரும்பில் தொடங்கவில்லை. பெங்களூரின் கென் கலைப் பள்ளி, பரோடா, சாந்திநிகேதன், பிறகு லண்டன் ராயல் கலைக் கல்லூரி என்று படித்ததெல்லாம் ஓவியம். 1986-ல் லண்டன் படிப்பை முடித்துத் திரும்பியவர், சில ஆண்டுகள் தூரிகையோடுதான் இருந்தார். 1992-ல் பாபர் மசூதி இடிப்பும் அதையொட்டிய பம்பாய்க் கலவரங்களும் நாட்டை உலுக்கியபோது, கேன்வாஸும் எண்ணெய் வண்ணமும் போதவில்லை என்று பட்டது. பசுஞ்சாணத்தை எடுத்தார். பூசைக்கும் உரியது, அடுப்புக்கும் உரியது, பெண்கள் கையால் தட்டுவது, அரசியல் மேடையில் புனிதமாகப் பேசப்படுவது. இத்தனையும் ஒரே பொருளில்.

தொண்ணூறுகளின் இறுதியில் நூலும் ஊசியும் குங்குமமும் வந்தன. நீள நீளமான நூல்களை ஊசிக் காதுகளில் கோத்து, குங்குமமும் பசையும் சேர்த்துப் பூசித் தடித்த சிவப்புக் கயிறுகளாக்கிக் கூடம் முழுவதும் படரவிட்டார். கயிற்றின் முனையில் ஊசிகள் கொத்தாகத் தொங்கும். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் பாவு பிணைக்கும் பெண் ஒருவர் அதைப் பார்த்தால் கலை விமர்சகரைவிட முன்பே ஒன்றைச் சொல்லிவிடுவார்: இதைச் செய்தவருக்கு விரல் நுனி எப்படி வலித்திருக்கும் என்று.

தார் டிரம்முக்குள் வானம்

ரோடு போடும் குடும்பங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தார் காய்ச்சிய டிரம் காலியானதும் அதை வெட்டி, அடித்துத் தட்டையாக்கி, நான்கைந்தைச் சேர்த்து நிறுத்தினால் சாலையோரத்தில் ஒரு வீடு. உள்ளே தூளியில் குழந்தை தூங்கும். வெயிலில் அந்தத் தகரம் எப்படிக் கொதிக்கும் என்பதைக் காரில் கண்ணாடி ஏற்றிப் போகிறவர்கள் யோசிப்பதில்லை.

2006-ல் ஷீலா கௌடா ‘டார்க்ரூம்’ என்ற படைப்பை அந்த டிரம்களால் எழுப்பினார். முழு டிரம்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கித் தூண்கள். தட்டையாக்கிய தகடுகளால் சுவர், கூரை. முன்பக்கம் பார்த்தால் வெள்ளைக்காரர் காலத்து மாளிகையின் தூண்வரிசை மாதிரி ஒரு மிடுக்கு. உள்ளே போக வேண்டுமானால் குனிந்துதான் போக வேண்டும். போனால் கும்மிருட்டு. நிமிர்ந்து பார்த்தால், கூரைத் தகட்டில் போட்ட சிறு துளைகள் வழியே வெளிச்சம் புள்ளி புள்ளியாக இறங்கும். நட்சத்திர வானம்.

இதை அழகு என்று சொல்லிவிட்டு வெளியே வர முடியாது. அந்த வானம் ஓட்டைக் கூரையால் வந்தது. மழை பெய்தால் அதே துளையில் தண்ணீர் வரும். அழகும் அவதியும் ஒரே ஓட்டை வழியாக வருவதை வீட்டில் ஓடு மாற்றப் பணமில்லாமல் இருந்த எவருக்கும் தெரியும்.

2008-ல் மறுபடியும் தார் டிரம் தகடுகள், கூடவே மைக்கா. அந்தப் படைப்புக்கு அவர் வைத்த பெயர் ‘காகெபங்காரா’. கன்னடச் சொல். தமிழில் சொன்னால் காக்காப்பொன். மலையடிவாரத்துப் பிள்ளைகள் கல்லிடுக்கில் மினுங்குவதைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார்களே, அதேதான். பொன் மாதிரி மின்னும். விற்கப் போனால் ஒன்றும் பெறாது. குப்பையிலிருந்து பிறக்கும் கலைக்கு இதைவிடக் குறும்பான பெயர் இருக்க முடியாது.

தெருவுக்கு வந்த ஆட்டாங்கல்

2012 டிசம்பரில் முதல் கொச்சி–முசிரிஸ் பினாலே தொடங்கியபோது, ஷீலா கௌடாவும் அவருடைய கணவரும் கலைஞருமான கிறிஸ்டோஃப் ஸ்டோர்ஸும் சேர்ந்து செய்தது ‘ஸ்டாப்ஓவர்’. பெங்களூரில் வீட்டுக்காரர்கள் தெருவில் விட்ட சுமார் 170 கல் உரல்களைச் சேகரித்து, கொச்சிக் கோட்டையின் ஆஸ்பின்வால் வளாகத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். மிளகும் மசாலாவும் கப்பலேறிய துறைமுகத்தில், மிளகும் மசாலாவும் அரைத்த கற்கள்.

அந்தக் கற்கள் ஏன் தெருவுக்கு வந்தன? பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது, சமையலறைத் தரையில் பாதி புதைந்திருந்த கல் வெளியே வரும். புது வீட்டில் அதற்கு இடமில்லை. மேடை மேல் கிரைண்டர் வந்துவிட்டது, மிக்சி வந்துவிட்டது. விற்றால் வாங்க ஆளில்லை. உடைக்க மனம் வராது. தலைமுறைக்குச் சோறு போட்ட கல்லை உடைப்பதா? ஆகவே ஓரமாக உருட்டி விடுவார்கள். யாரோ எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு சமாதானம். யாரும் எடுப்பதில்லை. அதன் கனமும் அதன் மரியாதையும் சேர்ந்து அதைத் தெருவிலேயே நிறுத்திவிடும்.

இது பெங்களூருக்கு மட்டும் உரிய காட்சியா என்ன? சேலத்தில் எந்தப் பழைய தெருவிலும் நடந்து பாருங்கள். அஸ்தம்பட்டியானாலும் அம்மாப்பேட்டையானாலும், வேப்ப மரத்தடியிலோ சாக்கடைப் பலகைக்குப் பக்கத்திலோ ஒரு ஆட்டாங்கல் குழவி இல்லாமல் கிடக்கும். ‘அம்மி கொத்தலையோ அம்மி’ என்று உளியும் சுத்தியுமாகத் தெருவில் வந்தவரின் குரல் நின்று வெகு நாளாகிவிட்டது. கல்யாணத்தில் மிதிப்பதற்கு மட்டும் அம்மி வாடகைக்கு வருகிறது.

‘ஸ்டாப்ஓவர்’ என்றால் வழியில் தங்கிப் போவது. பெங்களூரிலிருந்து கொச்சிக்குச் சரக்கு போகும் நெடுஞ்சாலை நம் சேலத்தில்தான் திரும்புகிறது என்று நினைத்துக்கொண்டு அந்தத் தலைப்பைப் படித்தால், ஒரு நிமிடம் நாமும் அந்தப் பயணத்தில் ஏறிக்கொள்கிறோம்.

பட்டறையும் கேலரியும்

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பழையதை வீணாக்காமல் பயன்படுத்துவதில் சேலம், நாமக்கல்காரர்களுக்கு யாராவது பாடம் எடுக்க வேண்டுமா?

தேய்ந்த டயர் ரீட்ரேடிங் பட்டறைக்குப் போய் மறுபடியும் சாலைக்கு வரும். அதற்கும் உதவாத டயர் மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாகும், செருப்பாகும், கிணற்று வாளியாகும். லாரியின் ஒடிந்த கமான் பட்டை கொல்லன் உலையில் அரிவாளாகும். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் தரைத் தூசியைக்கூடக் கூட்டி வைப்பார்கள், உருக்கினால் வெள்ளி. நேற்றைய செய்தித்தாள் கூழாகி, நாமக்கல் முட்டையைச் சுமக்கும் தட்டாக மாறும். இந்தக் கட்டுரை அச்சான தாளும் ஒரு நாள் அங்கேதான் போய்ச் சேரும். ‘பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவியவரின் காலத்திலிருந்தே இது நமக்குப் பழக்கம்.

ஆனால் பட்டறைக்காரருக்கும் கலைஞருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பட்டறைக்காரரின் திறமை, பழசைப் புதுசாகக் காட்டுவதில். டிங்கர் தட்டிய இடத்தில் தட்டிய தடம் தெரியக் கூடாது. பட்டி வைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்தால் விபத்து நடந்ததே மறந்துபோக வேண்டும். ஷீலா கௌடா போன்றவர்களின் திறமை நேர் எதிர். தார் டிரம்மில் ஒட்டிய தார் அப்படியே இருக்க வேண்டும். பம்பரின் கீறல் மறையக் கூடாது. ஆட்டாங்கல்லின் குழி எத்தனை பேர் கையால் தேய்ந்தது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். இருவருக்கும் பொருளின் மீது மரியாதை ஒன்றுதான். ஒருவர் அதற்கு மறுவாழ்வு தருகிறார். மற்றவர் அது வாழ்ந்த வாழ்வுக்குச் சாட்சி சொல்ல வைக்கிறார்.

இந்த வழியில் ஷீலா கௌடா தனியாள் இல்லை. சண்டிகர் என்னும் புது நகரத்துக்காகக் கிராமங்கள் இடிக்கப்பட்டபோது, சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த் 1957 முதல் உடைந்த பீங்கான், வளையல், கல் என்று பொறுக்கி யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் ஒரு சிலை உலகத்தைக் கட்டினார். 1975-ல் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். அரசு நிலம் என்று இடிக்கவும் பேச்சு எழுந்தது. கடைசியில் 1976-ல் பூங்காவாகவே திறந்தார்கள். கானாவில் பிறந்து நைஜீரியாவில் வேலை செய்த எல் அனாட்சுய், மதுப்பாட்டில் மூடிகளைத் தட்டையாக்கி, செம்புக் கம்பியால் கோத்து, ஜரிகைச் சேலை மாதிரி மின்னும் பெரும் விரிப்புகளைச் செய்தார். ஆப்பிரிக்காவுக்கு மதுவைக் கொண்டுவந்த ஐரோப்பிய வணிகத்தின் கதை அந்த மூடிகளில் இருக்கிறது என்பது அவர் பார்வை. வெனிஸ் பினாலே 2015-ல் அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருதை அளித்தது. டாஸ்மாக் வாசலில் மிதிபடும் மூடிகளை அதன் பிறகு வேறு கண்ணோடுதான் பார்க்க முடிகிறது.

கிலோ கணக்கும் கேலரி விலையும்

இந்தக் கலையின் மேல் ஒரு குற்றச்சாட்டும் உண்டு. மறைக்காமல் பேச வேண்டியது அது. பொறுக்கியவருக்குக் கிலோவுக்குச் சில ரூபாய். காட்சிக்கு வைத்தவருக்கு வேறு கணக்கு. ரோட்டோரக் குடிசையின் தகரம் லண்டனுக்கு விமானம் ஏறும்போது, குடிசைக்காரர் அடுத்த ரோட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருக்கிறார். வறுமையை அலங்காரமாக்குவது இல்லையா இது?

இதற்குக் கலைஞர்கள் தம் வேலையில்தான் பதில் சொல்ல முடியும். டெல்லிக் கலைஞர் விவான் சுந்தரம் 2008-ல் ‘ட்ராஷ்’ கண்காட்சியைச் செய்தபோது, குப்பை பிரிப்பவர்களோடு வேலை செய்யும் சிந்தன் அமைப்புடன் சேர்ந்தார். ஸ்டுடியோ தரை முழுக்கக் குப்பையால் ஒரு மாநகரைக் கட்டி, மேலிருந்து படம் எடுத்தார். மும்பையின் ஹேமா உபாத்யாய் 2009-ல் ஒரு படைப்புக்கு ‘8 அடிக்கு 12 அடி’ என்றே பெயர் வைத்தார். தாராவியில் ஒரு குடும்பம் வாழும் அறையின் அளவு அது. தகரத் துண்டும் வாகனக் கழிவுமாகச் சுவர், கூரை எங்கும் குட்டிக் குட்டிக் குடிசைகள். பார்வையாளர் உள்ளே நின்றால் மூச்சு முட்டும். அளவைச் சொன்னதே அவருடைய நேர்மை.

ஷீலா கௌடாவின் வழி இன்னும் அடக்கமானது. தொழிலாளியின் முகத்தை அவர் காட்டுவதில்லை. சோகக் கதை சொல்வதில்லை. பொருளை மட்டும் நிறுத்துவார். பார்ப்பவர் குனிந்து உள்ளே போக வேண்டும். அந்தக் குனிவு உடம்புக்குத் தெரிந்தால் போதும் என்பது போல. குறை முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். முடி கொடுத்தவரும் கயிறு திரித்தவரும் டேட் கூடத்தின் பெயர்ப்பலகையில் இல்லை. ஆனால் முடி என்ற சொல் அந்தப் பலகையில் இருக்கிறது. அதைப் படிப்பவர் யாருடைய முடி என்று கேட்காமல் நகர்வது கடினம்.

நம் கூடத்தில் எதை வைப்போம்?

கலைக்கும் நமக்கும் தொலைவு என்று நினைப்பது நம் மறதி. பாடப்புத்தகத்தில் கவிஞராக மட்டும் நாம் படித்த நாமக்கல் வெ. ராமலிங்கம் பிள்ளை ஓவியரும்கூட. 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், சேலத்தையே படம் எடுக்கும் ஊராக்கியது. அங்கே அரண்மனை செட் எழும்பும், படம் முடிந்ததும் பிரிக்கப்படும், அந்தப் பலகையே அடுத்த படத்தில் குடிசையாகும். இன்று ஏற்காடு சாலையில் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது.

ஒரு கூடம் கிடைத்தால் நாம் வைக்க வேண்டியவை ஏராளம். ஸ்டிக்கர் வந்ததும் வேலை குறைந்த லாரி பெயின்டர்களின் கையெழுத்துள்ள பின்பக்கப் பலகைகள்: மயில், தாமரை, ‘ஒலி எழுப்பவும்’. நாடா இல்லாத தறிகள் வந்ததும் மூலையில் குவிந்த தறி நாடாக்கள், நெசவாளியின் கை பட்டுப் பட்டு வழவழப்பானவை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கத் துளையிட்டுத் தேய்ந்து திரும்பிய துரப்பணப் பற்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, எங்கே வரவே இல்லை என்ற கதை உண்டு. இவற்றை அழகுபடுத்த வேண்டாம். ஒரு வெள்ளைச் சுவர், ஒரு விளக்கு, யார் கையில் இருந்தது என்று ஒரு வரி.

நாள் அதிகமில்லை. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு பழைய வாகனங்களைக் கழிக்கும் கொள்கையைத் தொடங்கியது. 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் முதல் ரத்தாகிறது. பழைய வண்டி இனி பதிவு பெற்ற நிலையத்துக்குப் போய், நசுக்கப்பட்டு, எடை போடப்பட்டு, உலைக்குப் போகும். புகைக்கும் விபத்துக்கும் அது நல்லதுதான். ஆனால் உலையில் உருகும் இரும்புக்கு ஞாபகம் கிடையாது.

கருப்புக் கயிறு மட்டும் எந்தக் கொள்கையிலும் இல்லை. வெயிலில் நைந்து, சேறு பட்டு, ஒரு நாள் அறுந்து சாலையோரத்தில் விழும். ஓட்டுநர் அதை எடுத்துப் பார்க்க மாட்டார். அடுத்த ஊரில் புதிதாக ஒன்று வாங்கிக் கட்டிவிட்டு வண்டியை எடுப்பார். கலைக்கூடத்தில் தொங்கும்போது அந்தக் கயிற்றை யாரும் தொடாதபடி ஒரு காவலர் பார்த்துக்கொண்டு நிற்பார். தொப்பூர் இறக்கத்தில், காவலுக்குப் போவதே அந்தக் கயிறுதான்.